பெயரும் திறவுகோலும்: ஒன்றெனக் கொள்வதன் அறம் பற்றிய சில சிந்தனைகள்

இரண்டு பொருள்களை நோக்கி "இவை ஒன்றே" என்று நாம் கூறும்போது உண்மையில் எதனைக் கூறுகிறோம் என்பது மெய்யியலின் பழைமையான வினாக்களுள் ஒன்றாகும். எல்லாப் பண்புகளிலும் வேறுபாடின்றி ஒத்திருப்பவை இரண்டாக இருத்தல் இயலாது என்பது ஜேர்மானிய மெய்யியலாளர் லைப்னிற்ஸின் கருத்து. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளேயாயினும், அவ்விரு பெயர்களும் அக்கோளை நமக்குக் காட்டும் வழிகள் வேறு என்பதை 1892 ஆம் ஆண்டில் கொட்லோப் ஃபிரேகே எடுத்துக்காட்டினார். இவ்வினா வகுப்பறைக்கு உரியது, வாழ்க்கைக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் உளர். ஆயின் இன்று இவ்வினாவுக்கு ஒவ்வொரு நொடியும் விடை கூறப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அவ்விடையைக் கூறுவது மெய்யியலாளனன்று. கணினியினுள்ளே இயங்கும் ஓர் அட்டவணை.

கல்முனையிலோ சம்மாந்துறையிலோ ஒருவர் ஓர் அலுவலகத்திற்குச் சென்று தம் பெயரைக் கூறுகிறார். அப்பெயர் விசைப்பலகையில் அடிக்கப்படுகின்றது. திரையில் அவரது விபரம் தோன்றலாம்; அல்லது "காணப்படவில்லை" என்ற சொல் தோன்றலாம். இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வது "இப்பெயரும் அப்பெயரும் ஒன்றா?" என்ற வினாவுக்கான தீர்ப்பேயாகும். அத்தீர்ப்பு எவ்வாறு வழங்கப்படுகின்றது, அதனை வழங்கும் அதிகாரம் யாருக்குரியது, தீர்ப்புப் பிழைக்குமிடத்து அதன் சுமை யார்மீது விழுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணையின் இயல்பு

கணினி நிரல்மொழிகள் பெரும்பாலானவற்றில் ஹாஷ் அட்டவணை எனப்படும் ஓர் அமைப்பு உண்டு. ஒரு திறவுகோலைக் கொடுத்தால் அதனோடு தொடர்புடைய விபரத்தைத் தருவது அதன் தொழில். திறவுகோல் பெரும்பாலும் ஒரு பெயராகவோ சொல்லாகவோ இருக்கும். ஆயிரக்கணக்கான பெயர்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வது காலத்தை விழுங்கும். எனவே பெயரின் எழுத்துகளைக் கொண்டு ஒரு கணக்குச் செய்து ஓர் எண்ணைப் பெற்று, அவ்வெண்ணுக்குரிய அறைக்கு நேரே செல்வதே இதன் உபாயமாகும். இவ்வுத்தியை 1953 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் ஒரு குறிப்பில் எழுதிவைத்தார்.

இதனை நமது கரையோர ஊர்களின் வழக்கொன்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழியாக வரும் குடி அமைப்பு உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்மார் குடிக்கொருவராக இடம்பெறும் மரபும் இதனை ஒட்டியதே. ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருக்குமிடத்து, "எந்தக் குடி?" என்று கேட்டால் தேடும் எல்லை சுருங்கிவிடும். அதன் பின்னரே "யாருடைய மகன்?" என்ற வினா எழும். குடி என்பது அறை, அது ஆளன்று. ஒரே குடியைச் சேர்ந்த இருவர் ஒருவராகிவிடுவதில்லை. அவ்வாறே ஹாஷ் அட்டவணையிலும் வெவ்வேறான இரு பெயர்கள் ஒரே அறைக்குச் செல்லக்கூடும். ஆகவே அறையை அடைந்த பின்னர் "அங்கிருப்பது தேடிய அதே பெயர்தானா?" என்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகின்றது. சமமெனக் கொள்ளப்படும் இரு திறவுகோல்கள் கட்டாயமாக ஒரே எண்ணைத் தருதல் வேண்டும். ஒரே எண்ணைத் தருபவை சமமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இவ்விதி மீறப்பட்டால் விளைவது விசித்திரமானது: இரண்டும் சமம் என்று கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும், ஆயினும் ஒன்றைத் தேடுபவர் வேறோர் அறைக்கு அனுப்பப்படுவார். அங்கே ஒப்பீடு நிகழ்வதற்கே வாய்ப்பில்லை. சமத்துவத்தை ஏற்றுக்கொண்டு வாசலை மட்டும் வேறாக்கிவிடுவதற்கு ஒப்பானது இது. 1956 ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்ட இந்நாட்டில், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. எனினும் தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையிலேந்தி, வாசித்துச் சொல்வாரைத் தேடும் தமிழ் பேசும் குடிமக்கள் இன்றும் உளர். சமம் என்று எழுதுவது ஒரு செயல். சமமானோரை ஒரே வாசலுக்கு வரச்செய்வது மற்றொரு செயல்.

எழுத்தும் வடிவமும்

உலகமொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் நியமத்தின் முதற்பதிப்பு 1991 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் 247 எண்கள் அதில் வழங்கப்படவில்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் எண்கள் வழங்கப்பட்டன. இவற்றைக் கோத்தே ஏனைய எழுத்துகள் ஆக்கப்படுகின்றன.

அம்பாறைக் கரையின் தென்பாலுள்ள பொத்துவில் என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழறிந்தார்க்கு அது பொ, த், து, வி, ல் என ஐந்தெழுத்து. கணினிக்கோ அது பத்துக் குறியெண்களின் தொடர். இங்கேதான் சிக்கல் எழுகின்றது. பகரத்தின் இருமருங்கும் நிற்கும் ஒகரக் குறிக்கு யுனிகோட் ஒரு தனியெண்ணை வழங்கியுள்ளது. அதே வேளை இடப்புறத்து ஒற்றைக்கொம்பையும் வலப்புறத்து அரவையும் தனித்தனியே அடுத்தடுத்து எழுதியும் அதே வடிவத்தைப் பெறலாம். அவ்வாறு எழுதினால் பொத்துவில் பதினொரு குறியெண்களின் தொடராகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றே. தாளிலும் இரண்டும் ஒன்றே. வாய்விட்டு வாசித்தாலும் ஒன்றே. இவ்விரண்டும் நியமப்படி சமமானவை என்று யுனிகோட் வெளிப்படையாகவே கூறுகின்றது. ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்னும் உயிர் ஆகிய நான்கும் இவ்வகையில் இருவிதமாக எழுதத்தக்கவை.

இனி, ஒரு நிரலர் சோதனை ஒன்றைச் செய்கிறார் என்க. பத்துக் குறியெண்களாலான பொத்துவிலைத் திறவுகோலாக வைத்து ஒரு விபரத்தை இடுகிறார். பதினொரு குறியெண்களாலான பொத்துவிலைக் கொண்டு அதனைத் தேடுகிறார். பைத்தானிலும் ஜாவாவிலும் வழமையான அட்டவணைகள் "இல்லை" என்றே விடை தரும். ஸ்விஃப்ட் என்னும் மொழியிலோ விபரம் கிடைக்கும். முன்னவை குறியெண்களின் தொடரை ஒப்பிடுகின்றன. பின்னது எழுத்தை ஒப்பிடுகின்றது. பைத்தானின் நிலை இன்னும் சுவையானது. நிரலர் தம் மாறிகளுக்குச் சூட்டும் பெயர்களை அது ஒருசீராக்கியே ஏற்கிறது. அட்டவணையில் இடப்படும் மக்களின் பெயர்களை வந்தவாறே விட்டுவிடுகின்றது. இவற்றுள் எதுவும் கணக்கில் தவறவில்லை. "ஒன்று" என்பதன் வரைவிலக்கணத்தை ஒவ்வொன்றும் வேறுவிதமாகக் கொண்டுள்ளது. அவ்வளவே. எனவே ஒருமை என்பது பொருள்களினுள்ளே கிடந்து பொறியால் கண்டெடுக்கப்படுவதன்று. எவரோ ஒருவர் முன்னரே செய்துவைத்த தீர்மானத்தின் விளைவு என்பது இதனாற் புலப்படும்.

இருவகை எழுத்தையும் ஒருவகையாக்கும் இயல்பாக்க முறையொன்றை யுனிகோட் வகுத்துள்ளது. அட்டவணையில் இடுமுன்னரும் தேடுமுன்னரும் பெயர்களை அம்முறையால் ஒருசீராக்கினால் பொத்துவில் என்றும் கிடைக்கும். இத்துடன் சிக்கல் தீர்ந்ததா எனின், இல்லை. நம்மிடையே நாளும் வழங்கும் மௌலவி என்ற சொல்லை நோக்குக. மகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து முறைப்படி எழுதினால் அது மூன்றெழுத்து. மெகரத்தின் பின் ளகரத்தை இட்டு மெளலவி என்று எழுதினால் அது நான்கெழுத்து. அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. இதனை இயல்பாக்கமும் ஒன்றாக்காது. ஏனெனில் ளகரம் ஓர் உண்மையான மெய். ஔகாரக் குறியின் வலப்பகுதி ஒரு குறி. மௌலானா, நௌபர், நௌஷாத் என ஔகாரம் மிக்க பெயர்கள் வழங்கும் நமது ஊர்களில் இது சிறு செய்தியன்று.

இதற்காக எழுதியவரைக் குறைகூறுதலும் பொருந்தாது. தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும், ஔகாரக் குறியின் வலப்பகுதியை ளகரத்துக்குரிய விசையாலேயே அடித்தனர். அன்று அதுவே சரியான முறை. தாளில் வாசிப்பவன் மனிதன். அவன் இடம் நோக்கிப் பொருள் கொள்வான். அட்டவணை இடம் நோக்குவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி லை, ளை, ணை, னை என்பன பழைய தும்பிக்கை வடிவத்தைக் கைவிட்டன. ணா, றா, னா முதலியனவும் மாறின. பழைய நூலில் உள்ள லையும் புதிய நூலில் உள்ள லையும் கண்ணுக்கு வேறு. யுனிகோட்டில் அவற்றுக்கு வழங்கப்பட்டிருப்பது ஒரே குறியெண் தொடர்தான். இன்னும் முன்னே சென்றால், எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் புள்ளியிடாது எழுதிய காலத்தில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் மயங்கி நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தின் பின்னரே அவை இன்றுள்ளவாறு பிரிந்தன. ஆகவே வடிவம் ஒன்றாயிருந்து எழுத்து வேறாதலும், வடிவம் வேறாயிருந்து எழுத்து ஒன்றாதலும் தமிழுக்குப் புதியனவல்ல. ஒலிவடிவு வேறு, வரிவடிவு வேறு என்று நம் இலக்கணகாரர் பிரித்து வைத்தமையும், ஒருபொருட் பல்பெயர்த் தொகுதி, ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி என்று நிகண்டுகள் வகுத்துச் சென்றமையும் இவ்வுணர்வின் வெளிப்பாடுகள் எனலாம்.

மூன்று சோதனைகளும் மூன்று கடமைகளும்

தமிழ்ப் பெயர்களைத் திறவுகோலாகக் கொள்ளும் ஓர் அட்டவணை செம்மையானதா என்பதை அறிய மூன்று சோதனைகள் இன்றியமையாதன.

முதலாவது, இட்ட பெயரைக் கொண்டு தேடினால், அது எவ்வழியால் அடிக்கப்பட்டதாயினும், கிடைத்தல் வேண்டும். இரண்டாவது, வெவ்வேறான பெயர்கள் ஒன்றாகிவிடுதல் கூடாது. கரீமும் ரஹீமும் ஒரே அறைக்குச் சென்றாலும், கரீமைக் கேட்டவருக்கு ரஹீமின் விபரம் தரப்படலாகாது. மூன்றாவது, அட்டவணையிலுள்ள பெயர்களையெல்லாம் திருப்பித் தா என்று கேட்டால், இடப்பட்டவை இடப்பட்டவாறே வருதல் வேண்டும். எழுத்துச் சிதைந்தோ கேள்விக்குறிகளாக மாறியோ வருதல் கூடாது.

இம்மூன்றும் பொறிக்கு உரிய சோதனைகளாகத் தோன்றினும், அவற்றின் அடியில் மனிதருக்கு உரிய மூன்று கடமைகள் உள்ளன. வந்தவரை இன்னாரென அறிந்துகொள்ளுதல் முதலாவது. ஒருவரை மற்றொருவராகக் கொள்ளாதிருத்தல் இரண்டாவது. ஒருவர் தம்மைப் பற்றித் தந்ததை மாற்றாது காத்துத் திருப்பிக் கொடுத்தல் மூன்றாவது. இம்மூன்றாவதை நமது வழக்கில் அமானிதம் என்போம். பொன்னும் பொருளும் மட்டுமன்றி ஒருவரது பெயரும் அமானிதமே. அதனைப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டவர், ஏற்றுக்கொண்ட கணத்திலேயே அதற்குப் பொறுப்பாளியாகிறார்.

இணைத்தலும் பிரித்தலும்

முதலிரு சோதனைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். தாராளமாக ஒன்றாக்கினால் தேடியவர் கிடைப்பார். ஆயின் வேறிருவரும் ஒருவராகிவிடும் ஆபத்து மிகும். கண்டிப்பாகப் பிரித்தால் அவ்வாபத்து நீங்கும். ஆயின் ஒருவரே இருவராகி, தம் பதிவைத் தாமே அடைய முடியாதவராவார்.

இவ்விடர்ப்பாட்டைக் கணினிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆழ்ந்து ஆராய்ந்த ஒரு கல்விமரபு உண்டு. ஹதீஸ்களை அறிவித்தோரின் வரலாற்றை ஆராயும் கலையே அது. ஓர் அறிவிப்பின் நம்பகம் அதனை அறிவித்தவரின் நம்பகத்தைப் பொறுத்தது. அறிவித்தவர் யாரென்று அறிய அவரது பெயரே திறவுகோல். ஒரே பெயரில் பலர் வாழ்ந்தனர்; ஒருவரே பல பெயர்களால் அழைக்கப்பட்டார்; புள்ளியிலும் குறியிலும் மட்டுமே வேறுபட்ட பெயர்கள் ஏட்டில் ஒன்றுபோல் தோன்றின. கி.பி. 995 இல் காலமான தாரகுத்னீ, எழுத்தில் ஒத்து உச்சரிப்பில் வேறுபடும் பெயர்களைப் பற்றி அல் முஃதலிஃப் வல் முக்தலிஃப் என்ற நூலை எழுதினார். கி.பி. 1071 இல் காலமான கதீபுல் பக்தாதி, பெயர் முற்றிலும் ஒத்திருந்தும் ஆள் வேறானவர்களைப் பற்றி அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக் என்ற நூலையும், இருவரை ஒருவராக இணைத்ததாலும் ஒருவரை இருவராகப் பிரித்ததாலும் நேர்ந்த மயக்கங்களைத் தெளிவிக்க வேறொரு நூலையும் யாத்தார். மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக் என்னும் அந்நூலின் பெயரிலேயே இணைத்தல், பிரித்தல் ஆகிய இருவகை மயக்கமும் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது.

அவ்வறிஞர்கள் பெயரை மட்டும் நம்பவில்லை. ஒருவரது தந்தை, ஊர், ஆசிரியர், மாணவர், இறந்த ஆண்டு ஆகியவற்றை ஒருங்கே நோக்கினர். ஐயம் தீராதவிடத்து ஐயம் உண்டு என்றே எழுதிவைத்தனர். ஐயத்தைப் பதிவு செய்தலும் அறிவின் ஒரு பகுதியே என்ற நேர்மையே அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய தலையாய பாடமாகும்.

இருவகைத் தவறுகளுள் எது பெரிது என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. நிவாரணப் பட்டியலில் ஒருவரை இருவராகப் பிரித்தால், அவருக்கு உரியது கிடைக்காது போகலாம். தேடப்படுவோர் பட்டியலில் இருவரை ஒருவராக இணைத்தால், குற்றமற்றவர் தடுத்து நிறுத்தப்படலாம். ஆகவே எவ்வளவு தாராளமாக ஒன்றாக்குவது என்ற முடிவு கணக்கின்பாற்பட்டதன்று. பிழை நேர்ந்தால் வருந்தப்போவது யார் என்று எண்ணிப் பார்த்தே அதனைச் செய்தல் வேண்டும்.

நமது பெயர்களைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. அறபியில் ஒன்றாயுள்ள பெயர் தமிழில் முகம்மது என்றும், முஹம்மது என்றும், முஹம்மத் என்றும், முகமது என்றும் எழுதப்படுகின்றது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்குமாயின், இரண்டும் தம்மையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். "நானும் நானும் ஒருவரே" என்று ஒரு மனிதர் சத்தியம் செய்ய நேர்வதைக் காட்டிலும் லைப்னிற்ஸின் வினாவுக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை. பெயரை வெவ்வேறாக எழுதியது அவரல்லர். எழுதியவர்கள் வெவ்வேறு காலத்து எழுதுவினைஞர்கள். ஆயினும் ஒருமையை நிறுவும் சுமை அவர்மீதே ஏற்றப்படுகின்றது. ஒரு நாட்கூலி, போக்குவரத்துச் செலவு, முத்திரைச் செலவு என்று அதற்கு ஒரு விலையும் உண்டு. வசதியற்றோர்க்கே அவ்விலை பெரிது.

எண் போதாதா?

பெயரால் வரும் குழப்பத்தை எண்ணால் நீக்கலாமே என்று கேட்பார் உளர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழிவந்த தேசிய அடையாள அட்டை, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கத்தை வழங்குகின்றது. எண்ணில் ஔகார மயக்கம் இல்லை. மும்மொழிச் சிக்கலும் இல்லை.

ஆயின் எண்ணும் இரு வடிவங்களைக் கொண்டுவிட்டது. பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் உடையது. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்களை உடையது. 85 என்று தொடங்கிய பழைய இலக்கம் புதிய முறையில் 1985 என்று தொடங்கும். இடையே தொடரிலக்கத்தின் முன் ஒரு பூச்சியம் சேரும். இறுதி எழுத்து நீங்கும். இரண்டும் ஒருவரையே குறிப்பன. இவ்விதியை அறியாத அட்டவணை ஒருவரை இருவராகவே கருதும். ஆகவே எண்ணுக்கும் இயல்பாக்கம் தேவைப்படுகின்றது. ஒன்றெனக் கொள்ளும் பொறுப்பிலிருந்து எண் நம்மை விடுவிக்கவில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. எண் "எது?" என்ற வினாவுக்கு விடை தரும், "யார்?" என்ற வினாவுக்குத் தருவதில்லை. இவ்வுண்மையை நமது மண்ணே ஒருமுறை உலகுக்கு உணர்த்தியது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை முதல் தெற்கே நீண்ட கரையோர ஊர்களில் வீடுகளோடு பெயர் கூறும் பத்திரங்களும் கடலோடு சென்றன. அந்நாளில் கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு பச்சிளங்குழந்தை கொண்டுவரப்பட்டது. அதற்குப் பெயர் தெரியவில்லை. பெயரைச் சொல்ல அதற்கு வாயும் இல்லை. அனுமதிக்கப்பட்டோரில் 81 ஆவது என்பதால் அது 81 ஆம் இலக்கக் குழந்தை என்று வழங்கப்பட்டது. ஒன்பது தாய்மார் அதற்கு உரிமை கோரினர் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. முறைப்படி உரிமை கோரி நின்றது ஒரு தம்பதியே என்று பின்னர் தெரியவந்தது. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டு, 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது.

81 என்ற திறவுகோல் ஐயத்துக்கிடமற்றது, வேறெவரோடும் மயங்காதது. ஹாஷ் அட்டவணையின் எச்சோதனையிலும் அது தேறிவிடும். ஆயினும் அக்குழந்தையைப் பற்றி அது கூறியது வந்துசேர்ந்த வரிசையை மட்டுமே. யாருடைய பிள்ளை, எவ்வூர், எக்குடி என்ற ஒன்றையும் அது கூறவில்லை. மரபணுச் சோதனையும் ஒருவகை ஒப்பீடே. உடலையே திறவுகோலாக்கும் ஒப்பீடு. அது பெற்றோர் யார் என்பதை நிறுவிற்று. ஆனால் அச்சோதனையை வேண்டி நின்றது, பட்டியலில் ஆதாரமில்லாத போதும் "இது எங்கள் பிள்ளை" என்று கூறிய இருவரின் உறுதியாகும். எவரும் கேட்டு வராத அட்டவணை எவ்வளவு செம்மையாயிருந்தும் பயனில்லை. பெயரென்பது ஒருவரைத் தேடி இன்னொருவர் வருவதற்கான வழி. எண் அவ்வழியின் ஓர் எல்லைக்கல்.

என்ன செய்யத்தகும்?

மேற்கூறியவற்றால் சில கோட்பாடுகள் பெறப்படுகின்றன. ஒன்றெனக் கொள்ளுதலில் மூன்று படிகளை வேறுபடுத்தல் வேண்டும்.

பொத்துவிலின் இரு எழுத்துமுறைகள் போன்று, நியமமே சமமெனக் கூறுபவை முதற்படி. இவற்றை ஒன்றாக்கப் பொறி எவரையும் கேட்க வேண்டுவதில்லை. ஒன்றாக்காது விடுவதே தவறு. இரு மௌலவிகள் போன்று, எழுத்து வேறாயினும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவை இரண்டாம் படி. இங்கே பொறி தானே முடிவெடாது, "இதுவும் அதுவாக இருக்கலாம்" என்று எச்சரிக்கை செய்தல் தகும். முகம்மதும் முஹம்மத்தும் போன்று, ஒரே மூலத்தின் வேறு எழுத்துக்கூட்டல்கள் மூன்றாம் படி. இங்கே பொறி தேடித் தரலாம், தீர்ப்பளித்தல் கூடாது. ஏனெனில் முகம்மது வேறொருவராகவும் முஹம்மத் வேறொருவராகவும் இருக்கக்கூடும். தீர்ப்பு, அவரை நேரிற் கண்டு வினவக்கூடிய ஒரு மனிதருக்கே உரியது.

இயல்பாக்கம் என்ற பெயரால் ஒருவரது பெயரின் தனித்தன்மையை அழித்துவிடலாமோ என்ற அச்சமும் நியாயமானதே. தம் பெயரில் ஹகரம் வேண்டுமா ககரம் வேண்டுமா என்பது அவரவர் உரிமை. இதற்கு விடை எளிது: தேடுவதற்கென ஒருசீராக்கிய வடிவத்தை உள்ளே வைத்துக்கொள்க, காட்டும்போதும் அச்சிடும்போதும் அவரவர் தந்த வடிவத்தையே தருக. முதற்சோதனையின் கடமையும் மூன்றாம் சோதனையின் கடமையும் இவ்வாறு முரணின்றி நிறைவேறும்.

இறுதியாக, "காணப்படவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றல்ல என்பது வற்புறுத்தப்படல் வேண்டும். முன்னது அட்டவணையைப் பற்றிய கூற்று. பின்னது உலகத்தைப் பற்றிய கூற்று. அட்டவணை முன்னதைக் கூறும்போது பின்னதாக அதனை மொழிபெயர்ப்பது நாமே. மேசைக்கு எதிரே ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்க, திரையைப் பார்த்து "அப்படி ஒருவர் இல்லை" என்று கூறுவது கணினியின் பிழையன்று, கூறுபவரின் பிழை. கண்முன் நிற்பவரே அவ்வட்டவணை குறைபாடுடையது என்பதற்கான சான்றாவார். எனவே ஐயம் எழுமிடத்து நிரூபிக்கும் சுமை முதலில் பட்டியலை ஆக்கியோரையே சாருதல் நீதியாகும். பட்டியலில் அடங்காதவரைச் சாருதல் அன்று.

நிரலாக்கம் விஞ்ஞானபீடத்தார்க்கு உரியது, தமிழ் கலைப்பீடத்தார்க்கு உரியது என்ற பிரிவினை இவ்விடத்துப் பொருந்தாது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானத்தையும் தமிழையும் ஒருங்கே பயின்று, கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்றவர். ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நிரலர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் தமிழ் கற்றோரே. ஒரு சிறு சோதனையில் நான்கு தமிழ்ப் பெயர்களைச் சேர்த்துப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டல் பெருஞ்செயலன்று. ஆயினும் அச்சோதனை செய்யப்படாத அட்டவணையின் முன்னே, தம் பெயரைத் தாமே நிறுவ வேண்டியவராய் நாளை ஒருவர் நிற்கக்கூடும். அவர் நம் ஊரவராகவும் இருக்கக்கூடும்.